ஆறாம் நாள் கணக்கு



மே மாத வெயிலில் பாலக்காட்டு எலப்புள்ளிப் பக்கம் வந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். குடையைப் பிடித்துக்கொண்டு, தோளில் பையோடு, இரண்டு டீச்சர்கள் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். ஓட்டு கேட்க வந்தவர்களைப் பார்த்துக் குரைப்பது போலவே இவர்களைப் பார்த்தும் நாய் குரைக்கும்.

போன வருஷம் பக்கத்து வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது அப்படி இரண்டு பேர் வந்தார்கள்.

"அக்கா, பாப்பாவுக்கு அஞ்சு வயசு ஆச்சுங்களா? எங்க ஸ்கூல்ல சேர்த்துங்க. வேன் இருக்குது, காசு வேண்டாம். பேக்கும் குடையும் நாங்களே தர்றோம்."

வீட்டுக்காரம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தமிழ் டிவிஷன் இருக்குதுங்களா டீச்சர்?"

டீச்சர் கூட வந்தவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "இன்னும் ஆறு பிள்ளைங்க கெடச்சா நிக்கும்க்கா."

அந்த வேனுக்கு டீசல் யார் காசு தெரியுமா? டீச்சர்கள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் எடுத்து வைக்கும் காசு. இங்கே அரசு உதவி பெறும் பல எய்டட் பள்ளிகளில் இதுதான் நடப்பு.

இப்போது எதற்கு இந்தக் கதை? நம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அமெரிக்காவில் சார்ட்டர் ஸ்கூல் என்று ஒன்று இருக்கிறதாம். பணம் அரசாங்கம் கொடுக்குமாம், நடத்துவது தனியாராம், ஃபீஸ் கிடையாதாம். நம் ஊரிலும் கொண்டுவந்தால் கல்வி சீர்பட்டுவிடாதா என்று கேட்டிருந்தார்.

கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் வீட்டுக் கொல்லையிலேயே இருப்பதை அமெரிக்காவில் போய்த் தேடுகிறோமே என்றுதான் சிரிப்பு. அரசு சம்பளம், தனியார் மேனேஜ்மெண்ட், ஃபீஸ் இல்லை. எய்டட் பள்ளி என்றால் வேறென்ன? கேரளத்தில் அரசுப் பள்ளிகளைவிட எய்டட் பள்ளிகள்தான் அதிகம். ஏழாயிரத்துக்கும் மேலே.

இதன் பின்னால் பெரிய சண்டையே இருக்கிறது. ஒரு காலத்தில் பள்ளி வாத்தியார் ஒரு தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அதைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். மேனேஜர் பிடிக்கவில்லை என்றால் மறுநாள் வேலை இல்லை. 1956 நவம்பர் 1-ல் கேரளம் பிறக்கும்வரை எலப்புள்ளி மெட்ராஸ் மாகாணத்து மலபார் மாவட்டம். கூப்பிடு தூரத்தில் இருக்கும் சித்தூர் பழைய கொச்சி ராஜ்யத்து ஊர். அடுத்த வருஷமே, 1957-ல், இ.எம்.எஸ். மந்திரிசபையின் கல்வி மந்திரி ஜோசப் முண்டசேரி ஒரு மசோதா கொண்டுவந்தார். சம்பளத்தை அரசே நேரடியாகக் கொடுக்கும், ஆளை பி.எஸ்.சி. பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்றார். நாடே அதிர்ந்தது. ஜனாதிபதி சுப்ரீம் கோர்ட்டிடம் கருத்துக் கேட்டார்; 1958-ல் அது வந்தது. 1959-ல் மந்திரிசபைக்கு எதிராக விமோசன சமரம் வெடித்து, ஜூலை 31-ல் ஆட்சியே போனது.

சண்டை ஓய்ந்தபோது எது நின்றது, எது போனது? அரசு சம்பளம் நின்றது. பி.எஸ்.சி. நியமனம் 1960 திருத்தத்தில் போனது. பணம் நம்முடையது, ஆள் எடுப்பது மேனேஜர் என்ற ஏற்பாடு அன்றிலிருந்து இன்றுவரை ஓடுகிறது. அந்த வேலைக்கு எவ்வளவு 'டொனேஷன்' என்று எந்த டீக்கடையில் கேட்டாலும் ஆளுக்கொரு தொகை சொல்வார்கள். ரசீதுதான் இருக்காது!

அமெரிக்காவில் இந்த யோசனையை 1988-ல் பிரபலமாக்கியவர் ஆல்பர்ட் ஷாங்கர், ஓர் ஆசிரியர் சங்கத் தலைவர். பிறகு அவரே அதை எதிர்த்தார் என்பது தனிக் கதை. 1991-ல் மின்னசோட்டா மாநிலம் முதல் சட்டம் போட்டது. 2009-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஆய்வு ஒன்று கணக்குப் பார்த்தது. சாதாரண அரசுப் பள்ளியைவிட நன்றாகச் செய்தவை 17 சதவீதம், மோசமாகச் செய்தவை 37 சதவீதம், மீதியெல்லாம் வித்தியாசமே இல்லை. பின்னால் வந்த ஆய்வுகளில் நிலைமை தேறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் மந்திரக்கோல் ஒன்றும் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அவர்கள் மேல் பொறாமை. சார்ட்டர் என்றால் ஒப்பந்தம். இத்தனை வருஷம், இன்னது செய்து காட்டுகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். செய்யாவிட்டால் புதுப்பிக்க மாட்டார்கள். நம் எய்டட் பள்ளிக்கு அப்படிக் கெடு ஏது? அப்பாவுக்குப் பிறகு மகன் மேனேஜர். தோட்டம் மாதிரி பள்ளியும் கைமாறும்.

அப்புறம் பள்ளி நிற்கும் நிலம் இருக்கிறதே, அதுவும் மேனேஜர் கையில்தான்! கோழிக்கோடு மலாப்பறம்பு ஏ.யு.பி. பள்ளியை மூட மேனேஜர் கிளம்பினார். 2014-ல் இரவோடு இரவாகக் கட்டடம் இடிந்து கிடந்தது. ஊர்க்காரர்கள் கூடித் திரும்பக் கட்டினார்கள். மூடத்தான் வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னபிறகு, 2016-ல் அரசே அந்தப் பள்ளியை எடுத்துக்கொண்டது. பிள்ளைகள் தப்பித்தார்கள்.

இடையில் 2025 அக்டோபரில் மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கேரளம் கையெழுத்துப் போட்டதும், கூட்டணிக்குள்ளேயே சத்தம் வந்து சில நாளில் அதை நிறுத்தி வைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். டி.வி. விவாதத்தில் இரண்டு பக்கமும் தொண்டை கிழியப் பேசினார்கள். அந்த ஆறு பிள்ளைகளைப் பற்றி யாராவது பேசினார்களா?

அந்தக் கணக்கு இதுதான். ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாள் அன்று தலையெண்ணுவார்கள். ஒன்று முதல் நான்கு வரை முப்பது பிள்ளைக்கு ஒரு வாத்தியார். முப்பத்தொன்று வந்தால் இன்னொரு டிவிஷன். ஒரு பிள்ளை குறைந்தால் ஒருவர் வேலைக்கு ஆபத்து. 'டிவிஷன் ஃபால்' என்ற இரண்டு வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள், எந்த ஸ்டாஃப் ரூமும் அமைதியாகிவிடும். பெயர் 'சம்பூர்ணா' சாஃப்ட்வேரில் ஏறியிருக்க வேண்டும்; ஆதார் எண்ணும் கேட்பார்கள். நம் எல்லையோர வீடுகளில் பிள்ளை பிறந்தது பொள்ளாச்சி ஆஸ்பத்திரி, ஆதார் விலாசம் பாட்டி வீடு என்று இருக்கும். இப்படித்தான் சில பெயர்கள் கணக்கில் ஏறாமல் போகின்றன.

குறையும்போது முதலில் குறைவது தமிழ் டிவிஷன்தான். மூணாறு தேயிலைத் தோட்ட லயங்களிலும் இதே பேச்சு, கொழிஞ்சாம்பாறையிலும் இதே பேச்சு. எல்லாப் பள்ளிகளிலும் மலையாளம் கற்பிக்க வேண்டும் என்று 2017-ல் சட்டம் வந்தது. அதில் எனக்குக் குறை இல்லை. பஸ் போர்டு முதல் பஞ்சாயத்து ஆபீஸ் வரை இங்கே மலையாளம் வேண்டும். அதற்காகத் தமிழை வாசலில் விட்டுவிட்டுப் போக வேண்டுமா?

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். என் மகளை நானே இங்கிலீஷ் மீடியத்தில்தான் சேர்த்தேன். மஞ்சள் வேன் வாசலுக்கு வந்தது, டை கட்டியிருந்தாள், பார்க்க அழகாக இருந்தது. இன்று அவள் நான் எழுதும் இந்தப் பக்கத்தை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். தமிழ் படித்தால் வழியில்லை என்றும் சொல்ல முடியாது. தமிழ் மீடியம் வாத்தியார் வேலைக்குக் கேரள பி.எஸ்.சி. தனியாகவே ஆள் எடுக்கிறது. கே-டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வையும் தமிழில் எழுதலாம். சித்தூர் அரசுக் கல்லூரியில் எம்.ஏ. தமிழ் வரை இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் டிவிஷன் விழுந்தால் இத்தனைக்கும் எங்கிருந்து ஆள் வரும்?

அரசுப் பள்ளியா, எய்டட் பள்ளியா, நாளைக்கு வேறு பெயரில் வரும் பள்ளியா என்று எனக்குப் பிடிவாதம் இல்லை. பெற்றோர்-ஆசிரியர் கழக (பி.டி.ஏ.) கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குக் கேட்கும் நாலு அம்மாக்கள் இருந்தால் எந்தப் பள்ளியும் தேறும். போன வருஷம் நீங்கள் எத்தனை கூட்டத்துக்குப் போனீர்கள்?

அந்தப் பக்கத்து வீட்டுப் பாப்பா சேர்ந்துவிட்டாள். ஆறில் நாலு பிள்ளைகள்தான் கிடைத்தார்கள். இந்த ஜூனிலும் அந்த டீச்சர்கள் எண்ணிக்கொண்டுதான் இருப்பார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். மே முடிவதற்குள் பிள்ளையின் ஆதாரைச் சரிபார்த்துவிடுங்கள். தமிழ் டிவிஷன் வேண்டும் என்று பள்ளியில் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் காற்றோடு போகும். ஜூன் முதல் ஆறு வேலை நாட்களில் காதுகுத்து, கல்யாணம் என்று பிள்ளையைப் பொள்ளாச்சிக்குக் கூட்டிப் போகாதீர்கள். அந்த விருந்தை ஏழாம் நாளுக்குத் தள்ளி வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்