முந்தினால் மட்டும் போதுமா?

மடத்துக்குளம் வட்டாரத்தில் அமராவதிப் பாசனத்தில் கரும்பு நடும் விவசாயிக்குப் புது ரகம் என்றால் ஆசைதான். ஆனாலும் தோட்டம் முழுவதும் உடனே நட்டு விடுவாரா? ஓர் ஓரத்தில் நட்டு, மறுதாம்பு வரை பார்த்த பிறகுதான் நம்புவார்.

ஆராய்ச்சிக்கும் இந்தப் பொறுமை வேண்டும். கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையம் 1912-ல் தொடங்கியது. அதன் பெயர் பெற்ற "கோ 205" ரகம் 1918-ல்தான் விவசாயிகள் கைக்கு வந்தது.

இன்றோ உலகெங்கும் ஆராய்ச்சியில் ஓட்டப் பந்தயம்! "நான்தான் முதலில் கண்டேன்" என்று வெளியிடப் போட்டி.

ஏன் இந்த அவசரம்?

விஞ்ஞானத்தில் முதலில் வெளியிட்டவருக்கே பெயர். சர் சி. வி. ராமன் 1928 பிப்ரவரி 28-ந் தேதி கல்கத்தாவில் தமது ஒளிச் சிதறலைக் கண்டார். அதே மாதம் மாஸ்கோவில் இரண்டு விஞ்ஞானிகளும் அதையே கண்டார்கள். ஆனால் முந்தி வெளியிட்டவர் ராமன். 1930-ல் நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது.

ஆம், ராமன் முந்தினார். ஆனால் 1921 முதலே இந்தத் துறையில் உழைத்த பிறகு முந்தினார்!

இப்போது வேலை, பதவி உயர்வு, பண உதவி எல்லாவற்றுக்கும் எத்தனை கட்டுரை வெளியிட்டார் என்று எண்ணுகிறார்கள். ஆகவே அரைவேக்காடும் பந்திக்கு வந்து விடுகிறது.

இரண்டே நாளில்

2020 ஜனவரி 31-ந் தேதி டெல்லி ஆராய்ச்சியாளர்கள் சிலர் ஒரு கட்டுரையை வெளியிட்டனர். கொரோனா கிருமியில் எய்ட்ஸ் கிருமியைப் போன்ற நான்கு துண்டுகள் இருப்பதாக அதில் கூறினர். மற்ற நிபுணர்கள் சரிபார்க்கும் முன்பே அது வெளியாகி விட்டது.

"இவை மிகச் சிறிய துண்டுகள். வேறு பல உயிர்களிலும் காணப்படுபவை" என்று நிபுணர்கள் எடுத்துக் காட்டினார்கள். இரண்டு நாளில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஆனால் "மனிதன் செய்த கிருமி" என்ற வதந்தியைத் திரும்பப் பெற யாரால் முடியும்?

வேகமே கூடாது என்பதல்ல. அதே ஜனவரியில் சீன விஞ்ஞானிகள் கிருமியின் மரபு விவரத்தை விரைந்து வெளியிட்டார்கள். அதனால்தான் தடுப்பூசி வேலை உடனே தொடங்கியது. விவரத்தை விரைவாகப் பகிரலாம். முடிவைச் சோதிக்காமல் அறிவிப்பதுதான் ஆபத்து.

என்ன செய்யலாம்?

டாக்டர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற விதியைப் பல்கலைக் கழக மானியக் குழு 2022-ல் நீக்கியது. நல்ல காரியம். அடுத்து, பிறர் கண்டதைச் சோதித்துச் சரிபார்ப்பவருக்கும் பெயரும் பதவியும் தர வேண்டும்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. "விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு" என்று செய்தி வந்தால், "வேறு யார் சரிபார்த்தார்கள்?" என்று கேட்போம். அந்த மருந்தை விழுங்கப் போவதும், அந்த விதையை விதைக்கப் போவதும் நாம்தானே!

பதறாத காரியம் சிதறாது.