மூன்று நிறுவைக் கணக்கு



அக்கரப்பத்தனைப் பக்கம் போயிருந்தபோது தெரிந்த அக்கா ஒருவரைப் பார்த்தேன். 2021இல் கொவிட் கண்டு, அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் ஒட்சிசனோடு பல நாள் கிடந்து பிழைத்தவர். இப்போதும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறார். ஆனால் லயத்திலிருந்து மலைக்கு ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நிற்கிறார், நெஞ்சு வாங்குகிறது.

அதைவிட அவரை வருத்துவது வேறொன்று. "முந்தியெல்லாம் காலை நிறுவை, பகல் நிறுவை, அந்தி நிறுவை மூணும் மனசுலயே நிக்கும். கணக்குப் புத்தகத்துல ஒரு கிலோ குறைஞ்சாலும் கேட்டுடுவேன். இப்ப பகல்ல நிறுக்கும்போதே காலையில நிறுத்தது மறந்து போகுது" என்றார். சொல்லும்போது கொழுந்துக் கறை ஏறிய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

2021 ஓகஸ்ட் நமக்கு மறக்குமா? டெல்டா அலையில் நாடே ஒட்சிசனுக்குத் தவித்தது. இந்தியக் கடற்படையின் 'சக்தி' கப்பல் 100 தொன் ஒட்சிசனோடு கொழும்புக்கு வந்து சேர்ந்தது. கிடைக்குமா என்பதுதான் அன்று நம் எல்லோருடைய கவலையும்.

எவ்வளவு கொடுப்பது என்பது மருத்துவர்களின் நெடுநாள் கவலை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு அல்லவா? குறைமாதக் குழந்தைகளுக்குத் தாராளமாகக் கொடுத்த ஒட்சிசனே ஆயிரக்கணக்கான பிஞ்சுகளின் பார்வையைப் பறித்தது என்பது 1950களில் உறுதியானது. அதிதீவிர சிகிச்சையில் கிடக்கும் பெரியவர்களுக்கு எந்த அளவு நல்லது? டென்மார்க் மருத்துவர்கள் முன்னின்று நடத்திய 'ஹொட் ஐசியு' ஆய்வு 2928 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு ஒட்சிசனைக் குறைவாகவும் மற்றவர்களுக்குக் கூடுதலாகவும் கொடுத்துப் பார்த்தது. 2021இல் முடிவு வந்தது: 90 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு முறையே 42.9, 42.4. ஏறத்தாழ ஒன்றுதான். பிழைத்தவர்களின் நினைவாற்றலையும் நுரையீரலையும் ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிரித்தானியாவில் 16,500 பேரிடம் நடந்து 2025இல் வெளியான ஆய்விலும், அளவைக் குறைத்ததால் உயிர் பிழைத்தவர்கள் கூடவில்லை.

ஆகவே, "கூட ஒட்சிசன் வைத்திருந்தால் அம்மா பழையபடி ஆகியிருப்பாரோ?" என்று மனம் புழுங்கும் பிள்ளைகளே, அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

அப்படியானால் இந்த மறதி எங்கிருந்து வந்தது? கடும் நோயும், நினைவு தடுமாறிக் கிடந்த நாட்களும் சேர்ந்து பெரும்பாலும் விட்டுப்போகும் மிச்சம் இது. 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அதிதீவிர சிகிச்சை பெற்று மூன்று மாதம் ஆனவர்களில் நூற்றுக்கு 40 பேரின் சிந்தனைத் திறன், தலையில் ஓரளவு பலமாக அடிபட்டவர்களுடையதைப் போல இருந்தது. ஓராண்டு கழிந்தும் நூற்றுக்கு 34 பேர் அப்படியே இருந்தார்கள். வயதானவர்களுக்கு மட்டும் வந்த குறையும் அல்ல. இளையவர்களிடமும் அது இருந்தது.

நம் தோட்டங்களில் இந்த மிச்சம் நாட்சம்பளத்தில் போய் விழுகிறது. கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். வீட்டில் "அதான் சுகமாயிட்டுதே" என்ற ஒரு சொல். பிழைத்து வந்தவர் வாய்மூடிப் போகிறார்.

ஒரு வேண்டுகோள். உங்கள் லயத்தில் இப்படி மீண்டு வந்தவர் இருந்தால், அடுத்த கிளினிக்குக்கு யாராவது கூடப் போங்கள். மூச்சு வாங்குவதையும், மறதியையும், தூக்கம் கெடுவதையும் அவர் சொல்லத் தயங்கினால் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டட்டும். தோட்ட உத்தியோகத்தர்களே, கங்காணிமாரே, ஏற்றம் குறைந்த மலையில் அவர்களுக்கு நிரை கொடுங்கள்.

அந்த அக்காவுக்கு இப்போது பக்கத்து நிரைப் பெண் துணை. ஒவ்வொரு நிறுவை முடிந்ததும் தன் கிலோவோடு அக்காவின் கிலோவையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்கிறாள். அந்தியில் இருவரும் ஒன்றாக நின்று கணக்குக் கேட்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்