செந்தோசாவுக்கு எவ்வழி?

சிங்கப்பூரில் கப்பலிலிருந்து இறங்கும் குடும்பத்தார், செந்தோசாத் தீவிலுள்ள யூனிவர்சல் ஸ்டூடியோஸ் என்னும் வேடிக்கைப் பூங்காவைக் காண ஆவல் கொள்வது இயல்பே. கப்பல் எத்துறையில் நிற்கிறதென்று முதலில் விசாரிக்க வேண்டும். மரீனா பே துறையாயின் டாக்ஸியே சௌகரியம். ஹார்பர்ஃபிரண்ட் துறையாயின் தீவு கண்ணெதிரே தெரியும். அங்கிருந்து மூன்று வழிகள் உண்டு.

2011-இல் திறந்த நடைபாலத்துக்குக் கட்டணமில்லை. 1974 முதல் ஓடும் கேபிள் கார் காட்சிக்கு இனியது. இறங்கியபின் பூங்காவுக்கு நடக்க வேண்டும். அருகிலுள்ள விவோசிட்டி அங்காடியின் மாடியில் புறப்படும் மோனோரெயிலோ, 4 வெள்ளிக்குப் பூங்காவின் அருகிலேயே இறக்கிவிடும், திரும்புகையில் கட்டணமில்லை.

வாலிபர் நடக்கட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் நான்கு வெள்ளியை மிச்சம்பிடிக்கப் பாட்டியாரின் முழங்காலைச் செலவிடலாகாது என்பதே நமது அபிப்பிராயம். எவ்வழி சென்றாலும் கடிகாரத்தை மறக்கலாகாது. கப்பல் எவருக்காகவும் காத்திராது.