மறுக்கவாவது செய்யுங்கள்!

பட்டாளத்தில் இருந்து வந்தவன் நான். பென்ஷனோடு வீட்டில் உட்கார முடியாத குடும்பம். சொந்தக் காசில் டபுள் பேரல் துப்பாக்கி வாங்கி, ஏ.டி.எம்.களுக்குப் பணம் ஏற்றிப்போகும் வண்டியில் கன்மேன் ஆனேன். லைசென்ஸ் உயிரோடு இருக்கும்வரைதான் அந்த வேலை. கெடு முடிவதற்கு முன்பே, விதி சொன்ன நாளுக்குள், புதுப்பிக்க மனுக் கொடுத்தேன். ஃபைல் நகரவில்லை. வேலை போய்விட்டது.

2016 ஆயுத விதிகளைப் படித்துப் பாருங்கள். போலீஸ் அறிக்கை 30 நாளில் வரவேண்டும். அது வந்து 60 நாளில் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்று 1959 ஆயுதச் சட்டமே சொல்கிறது. எனக்கு மறுப்பும் வரவில்லையே! மறுத்திருந்தால் மேல்முறையீட்டுக்காவது போயிருப்பேன். ஸ்டேஷனில் கேட்டால் ரிப்போர்ட் அனுப்பியாச்சு என்கிறார்கள். லைசென்ஸ் தரும் ஆபீஸில் கேட்டால் வரவே இல்லை என்கிறார்கள். நடுவில் நிற்கிறவன் யாரிடம் போய் அழுவது?

அவர்கள் நாள் தவறினால் கேட்க நாதியில்லை. நான் தவறினால் ஜெயில். கெடு முடிந்ததும் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்றது சட்டம், ஒப்படைத்துவிட்டேன்.

இதே நாட்டில்தான் ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை 2.78 லட்சத்துக்கும் மேற்பட்ட லைசென்ஸ்கள் முறைகேடாகக் கொடுக்கப்பட்டன என்கிறது சி.பி.ஐ. ராணுவத்தார் என்று பொய்க் காகிதம் காட்டியும் வாங்கியிருக்கிறார்கள். எங்கள் பெயர்! அந்தப் பெயரை விற்றவர்களுக்குக் கதவு திறந்தது. அதற்காகவே வாழ்ந்தவன் வாசலில் நிற்கிறேன். வயிறு எரிகிறது.

கெடுபிடியைத் தளர்த்தச் சொல்லவில்லை. என் வீட்டுக்கு வாருங்கள், அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள், வழக்கு இருக்கிறதா என்று தோண்டுங்கள். ஆனால் முடித்துச் சொல்லுங்கள்! நாடு முழுதுக்கும் பொதுவாக ஒவ்வொரு லைசென்ஸுக்கும் தனி எண் கொடுத்துக் கணினியில் ஏற்றியிருக்கிறீர்கள். அந்த எண்ணைத் தட்டினால் ஃபைல் யார் மேசையில், எந்தத் தேதியிலிருந்து கிடக்கிறது என்று எனக்குத் தெரியவேண்டும். நேரத்தோடு மனுக் கொடுத்தவனுக்கு, முடிவு வரும்வரை வேலை பார்க்க ஒரு தற்காலிகச் சீட்டு வேண்டும். தாமதித்தவர் அதற்கான காரணத்தைத் தன் கையெழுத்தோடு எழுதித் தரவேண்டும்.