பிள்ளைக்குச் சொல் தெரியும், வசனம் வருவதில்லை. ஏன்?



ஓ/எல் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் "ஈட்" என்றால் என்ன என்று கேளுங்கள். சாப்பிடுதல் என்று உடனே சொல்லும். ஈட், ஏட், ஈட்டன் என்று மூன்றையும் ஒரே மூச்சில் ஒப்புவிக்கும். "காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கூட்டாளியிடம் இங்கிலீஷில் கேள்" என்று சொல்லிப் பாருங்கள். ஒன்று வாய் அடைத்துவிடும், இல்லையென்றால் "டிட் யூ ஏட்" என்று வரும்.

தரம் 3 முதல் தரம் 11 வரை ஒன்பது வருடம் படித்த பிள்ளை இது. இதில் பிள்ளையின் மூளையில் குறை தேடாதீர்கள். வினைச்சொல்லை நாங்கள் பட்டியலாகப் பாடமாக்க வைத்தோம். அது வசனத்துக்குள் என்ன வேலை செய்கிறது என்று காட்டவில்லை. என்னுடைய கருத்து இதுதான்.

தமிழில் "போகிறான்" என்பது ஒரே சொல். அதற்குள் செயல் இருக்கிறது, காலம் இருக்கிறது, யார் என்பதும் இருக்கிறது. அரபு படிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். "கதப" என்றாலே அவன் எழுதினான். "கதப்து" என்றால் நான் எழுதினேன். ஆள் வினைக்குள்ளேயே இருக்கிறார்.

பேச்சுச் சிங்களம் வேறு மாதிரி. "மம யனவா", "எயா யனவா". ஆள் மாறினாலும் வினை மாறுவதில்லை, அதனால் யார் என்பதைத் தனியாகச் சொல்கிறோம். இங்கிலீஷ் இதற்குக் கிட்ட வருகிறது. ஐ கோ, யூ கோ, தே கோ. நிகழ்காலத்தில் ஹீ, ஷீ, இட் வந்தால் மட்டும் "கோஸ்". இறந்தகாலத்தில் எல்லோருக்கும் "வென்ட்".

மூன்று மொழி காதில் விழுந்து வளர்கிற பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். அந்த அறிவை இங்கிலீஷ் பாடத்தில் நாங்கள் தொடுவதே இல்லை.

இனி கேள்விக்கு வருவோம். தமிழில் "போனானா?" என்று கடைசியில் ஒரு "ஆ" சேர்த்தால் முடிந்தது. இங்கிலீஷில் செயல் வினையைக் கேள்வியாக்க டூ, டஸ், டிட் முன்னுக்கு வர வேண்டும். வந்ததும் காலத்தின் சுமையை அதுவே தூக்கிக்கொள்ளும், வினை பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். அதனால்தான் "டிட் யூ ஈட்". ஒரு மூட்டையை இரண்டு பேர் தலையில் வைக்கத் தேவையில்லை. "டிட் யூ ஏட்", "டஸ் ஹீ கோஸ்" இரண்டும் ஏன் பிழை என்று இப்படிச் சொன்னால் தரம் 6 பிள்ளைக்கும் விளங்கும். "டோன்ட்", "டிடின்ட்" போட்டு இல்லை என்று சொல்லும்போதும் இதே கணக்குத்தான்.

இன்னொரு வருத்தம் "ஐ ஆம் கோ". ஆம், இஸ், ஆர் மூன்றையும் முதல் நாளே பாடமாக்கிவிட்டதால் பிள்ளை அதை எல்லா வினைக்கும் முன்னால் ஒட்டுகிறது. "நான் ஆசிரியர்" என்று தமிழில் வினையே இல்லாமல் சொல்லலாம். இங்கிலீஷ் வசனம் வினையில்லாமல் நிற்காது. செய்கிற வேலை எதுவும் இல்லாத அந்த இடத்தை நிரப்பத்தான் "ஆம்" வருகிறது. "ஐ கோ" என்பதில் வேலை இருக்கிறது, ஆகவே "ஆம்" தேவையில்லை. அந்த வேலை இப்போது நடந்துகொண்டிருந்தால் மட்டும் "ஐ ஆம் கோயிங்".

"சோதனைக்கு எழுத்துத்தானே வருகிறது, இதற்கெல்லாம் நேரம் எங்கே?" என்று சக ஆசிரியர்கள் கேட்பது எனக்குத் தெரியும். கடிதமோ கட்டுரையோ எழுதவும் இதே வினைதான் வேண்டும். வினை பிழைத்தால் வசனமே பிழைத்துவிடும்.

செய்துகொண்டே படிப்பது புதிய விஷயமும் அல்ல. ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களிலேயே இதை ஒரு கற்பித்தல் முறையாக்கினார். ஆசிரியர் "ஓபன் த டோர்" என்று சொல்ல, பிள்ளை எழும்பிப் போய்க் கதவைத் திறக்கும். உடம்பு செய்ததை மனம் இலகுவில் மறக்காது. எங்கள் நாட்டிலும் தரம் 1, 2இல் செயல் வழியாகத்தான் வாய்மொழி ஆங்கிலம் தொடங்குகிறது. தரம் 3இல் புத்தகம் கைக்கு வந்ததும் பிள்ளை கதிரையில் அமர்கிறது, செயல் நின்றுவிடுகிறது.

பெற்றோரிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன்.

ஒன்று: "முப்பது நாளில் இங்கிலீஷ்" என்ற போஸ்டரைப் பார்த்துக் காசு கட்டுவதற்கு முன், அங்கே பிள்ளை எத்தனை நிமிடம் வாய் திறக்கிறது என்று கேளுங்கள். கொப்பியில் எத்தனை சொல் எழுதியது என்று எண்ணாதீர்கள்.

இரண்டு: இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம், அன்று செய்த மூன்று வேலையைப் பிள்ளை இங்கிலீஷில் சொல்லட்டும். ஐ வோஷ்ட், ஐ பிளேட், ஐ வென்ட். பிறகு அதே மூன்றைக் கேள்வியாக்கி உம்மாவிடம் கேட்கட்டும். உம்மாவுக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை, தமிழில் பதில் சொன்னால் போதும். பிழை வந்தால் யாரும் சிரிக்காமல் இருப்பதுதான் முக்கியம். வீட்டில் ஒரு தரம் சிரித்தால் அந்தப் பிள்ளை வகுப்பில் வாய் திறக்காது.

இதே பிள்ளைகள் நாளைக்கு கெம்பஸில் இங்கிலீஷில் விரிவுரை கேட்க வேண்டும், கட்டாரிலோ கொழும்பிலோ நேர்முகப் பரீட்சைக்கு உட்கார வேண்டும். "நீ என்ன வேலை செய்தாய்?" என்றுதான் அங்கே கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது வினைச்சொல்தான்.

அல்லாஹ் எமது பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆசிரியர்கள், பெற்றோர் உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள்.