வளரும் பிள்ளைக்கு வாடகைப் பலகை

பள்ளிச் சீருடையை ஓரளவு பெரிதாக வாங்குவது செம்பூரில் நம் வழக்கம், வளரும் பிள்ளையாயிற்றே! குல்மார்க், அவுலி செல்லும் அன்பர்களே, பனிச்சறுக்குப் பலகையில் அந்தச் சிக்கனம் வேண்டாம். நீளமான பலகையைக் குழந்தையால் திருப்ப முடியாது. நெஞ்சுக்கும் மூக்குக்கும் இடைப்பட்ட உயரம் போதும். பூட்ஸ் தளர்ந்திருந்தால் பலகை சொன்னபடி கேட்காது. விழும்போது பூட்ஸைக் கழற்றிவிடும் பைண்டிங்கைப் பிள்ளையின் எடைக்கேற்பத் திருத்தச் சொல்லுங்கள். இல்லையேல் கால் முறுக்கிக்கொள்ளும். ஓரளவு பழகிய பெரியவர்களுக்கு, மோவாய்க்கும் நெற்றிக்கும் இடைப்பட்ட, அதிக விறைப்பில்லாத பலகை நல்லது. ஆண்டுக்கொரு வாரம் சறுக்குவோர் வாடகைக்கு எடுப்பதே உத்தமம் என்பேன். மிச்சப் பணத்தை ஹெல்மெட்டுக்கும் நல்ல பயிற்சியாளருக்கும் செலவிடுங்கள்.