கணக்கு வராத மகள்

நன்றாகப் பேசுகிறாள், கதைப் புத்தகம் விடாமல் படிக்கிறாள். கணக்கு என்றால் மட்டும் அழுகை. பழகின தெருவிலேயே வழி தவறுகிறாள். வகுப்பிலேயே அவள்தான் குள்ளம். பதினாலு வயதாகியும் வயதுக்கு வரவில்லை. இப்படி உங்கள் வீட்டில் ஒரு மகள் இருந்தால், 'சோம்பேறி' என்று திட்டாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

பெண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. ஏறத்தாழ 2,000 பெண் குழந்தைகளில் ஒருத்திக்கு, அதில் ஒன்று முழுசாகவோ பாதியாகவோ இருப்பதில்லை. 1938-ல் இதை விவரித்த அமெரிக்க மருத்துவர் ஹென்றி டர்னரின் பெயரால் 'டர்னர் சிண்ட்ரோம்' என்கிறோம். தலையின் மேல்பக்கம், சற்றுப் பின்னால் இருக்கும் பரைட்டல் பகுதி இவர்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் சிறிதாக இருப்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எண், தூரம், திசையைக் கணிக்க உதவும் இடம் அது. மற்றபடி பெரும்பாலோருக்கு அறிவுத்திறன் இயல்பாகவே இருக்கும்.

ஆண் பிள்ளைக்கு ஒரு எக்ஸ் கூடுதலாக இருந்தால், பேச்சும் வாசிப்பும் தாமதப்படலாம்.

கணக்கு வராத எல்லோருக்கும் இந்தப் பிரச்னை இல்லை. உயரமோ பருவமோ பின்தங்கினால் சந்தேகிக்கலாம். கேரியோடைப் என்ற ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். சீக்கிரம் தெரிந்தால் வளர்ச்சி ஹார்மோன் கொடுக்கலாம், இதயத்தையும் பார்த்துவிடலாம்.

ஒன்று மட்டும் நிச்சயம்: இது தற்செயலாக நேர்வது. பெற்றவள் மேல் பழி போடாதீர்கள்.